எந்த ஆற்று மீன்

எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையில் 'இது எந்த ஆற்று மீன்?' என்று ஒரு வாக்கியம் இருந்தது. இதைப் படிக்கிறவர்களில் சிலருக்காவது அது நினைவிருக்கும். ஏனென்றால் பிறகு அது நமக்குள் ஒரு சொலவடை போலப் புழங்க ஆரம்பித்தது. யாராவது பனிப்பொழிவு, மேப்பிள் இலை என்று எழுதி அனுப்பினால், கைப்பிரதியின் ஓரத்தில் 'எந்த ஆற்று மீன்' என்று குறித்துத் திருப்பி அனுப்புவது வழக்கமாயிற்று. ஒரு கூட்டத்தில் எனக்கு முன்பின் தெரியாத ஓர் இளைஞர் அதைச் சொல்லக் கேட்டு நான் உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு. இப்போது அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மதிப்புரைக்கு இலக்கான கவிதை பதினொரு வரி. குளிர்ந்த ஓடை ஒன்றின் மேல் ஒரு பாலம். கீழே ஒரு ட்ரவுட் மீன் நீர் வரும் திசைக்கு முகத்தை வைத்து, வால் மட்டும் அசைய, இடம் மாறாமல் நிற்கிறது. பாலத்தின் மேல் கூடையோடு ஒரு பெண்ணும் நிற்கிறாள். அவ்வளவுதான். இதற்கு நான் சொன்ன ஆட்சேபம் இரண்டு. ஒன்று, ட்ரவுட் நம் மீன் அல்ல, நம் பிரக்ஞையில் அதற்கு வேர் இல்லை. இரண்டு, இந்தப் படிமமே கடன் வாங்கியது. 1925இல் வெளிவந்த ஹெமிங்வேயின் 'பிக் டூ ஹார்ட்டட் ரிவர்' கதையின் ஆரம்பத்தில், யுத்தத்திலிருந்து திரும்பிய நிக் ஒரு பாலத்தின் மேல் நின்று, ஓட்டத்துக்கு எதிரே மூக்கை வைத்துத் தங்களை நிலைநிறுத்திக்கொண்டிருக்கும் ட்ரவுட்களைப் பார்க்கிறான். பாலம், மீன், நிலை எல்லாம் அங்கே இருக்கின்றன. 'கூடையை மட்டும் கவிஞர் தம் கையிலிருந்து போட்டிருக்கிறார்' என்று எழுதினேன். அதற்கும் அப்போது பாராட்டுக் கிடைத்தது.

அந்த நாளில் ட்ரவுட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவனுக்குத் தெரிகிற அளவு தெரியும். 1653இல் ஐசக் வால்டன் தூண்டில் பிடிப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், அதில் ட்ரவுட் வருகிறது. யேட்ஸின் கவிதையில் ஏங்கஸ் பிடித்த வெள்ளி ட்ரவுட் ஒரு பெண்ணாக மாறி, அவன் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு மறைகிறது. ஷூபெர்ட்டின் ஒரு பாட்டுக்கும், அதிலிருந்து பிறந்த ஐந்து வாத்திய இசைக்கும் இந்த மீனின் பெயர். பரீட்சைக்காக இதையெல்லாம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மீன் எவ்வளவு நீளம், என்ன நிறம், எதைத் தின்னும் என்று அப்போது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். ஆனால் அது நம் மீன் அல்ல என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

நம் மீன் எது என்று கேட்டால் கயல் என்றும் கெண்டை என்றும் சொல்லியிருப்பேன். அவற்றையும் நான் நின்று பார்த்தவன் அல்ல. நம் மரபில் மீன் பெரும்பாலும் பெண்ணின் கண்ணாகத்தான் வருகிறது. கண்ணுக்கு உவமையாக வந்து வந்து மீனுக்கு உடம்பே இல்லாமல் போய்விட்டது. பறவை தொட்டுக் குஞ்சு பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும் என்று என் பாட்டி சொல்வாள். மதுரையில் இருக்கிறவளுக்கு மீனாட்சி என்று பெயர் வந்ததற்கும் அதுவே காரணம் என்பாள். முட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஒரு மீனைப் பற்றி எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு சித்திரம் உண்டு. தண்ணீருக்குள் அந்த மீன் எப்படி இமைக்காமல் இருக்கும் என்றெல்லாம் வியந்திருக்கிறேன். மீனுக்கு இமையே கிடையாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு நீலகிரிக்கு மாற்றல் வந்தது. அது ஊட்டியைத் தாண்டிய ஒரு சிறு கிளை. பென்ஷன்காரர்கள், உருளைக்கிழங்கும் காரட்டும் போடுகிறவர்கள், தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள் என்று கூட்டம் வரும். பாஸ் புத்தகம் வரவு வைக்க மாதம் ஒரு தடவை வருகிற ஒரு பெரியவர் இருந்தார். கவுண்டரில் ஆள் இல்லாவிட்டால் ஐந்து நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போவார். ஒரு நாள் என் மேஜை மேல் கிடந்த இந்தப் பத்திரிகையின் அட்டையில் மீன் மாதிரி ஏதோ கோட்டுச் சித்திரம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "சார், நம்ம அவலாஞ்சி டிராட்டு பாத்திருக்கீங்களா?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப்பைக் கீழே வைத்தேன்.

"அது இங்கே இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்காவா? அதுக்குச் சோறு போட்டுத்தான் சார் எம்புள்ளைங்களுக்குச் சோறு போட்டேன்" என்றார். அவலாஞ்சி மீன் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்து வேலையிலேயே மூப்படைந்தவர் அவர்.

அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அவலாஞ்சி என்பது பனிச்சரிவுக்கான ஆங்கிலச் சொல். ஆனால் அங்கே பனிமலை கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சரிவு ஒன்று பெரிதாக இடிந்து விழுந்ததில் வந்த பெயர் என்கிறார்கள். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவாகி, பேப்பரில் எல்லாம் இடம் பிடித்த ஊர் அதுதான். நாங்கள் போன அன்று மழை இல்லை, மூடுபனி மட்டும். தொட்டிகளைக் காட்டிய பிறகு பெரியவர் என்னைப் பண்ணைக்கு வெளியே ஓடைக்கு அழைத்துப் போனார். தொட்டியில் இருப்பது தீவனத்துக்கு அடித்துக்கொள்கிற மீன், அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்பது அவர் கட்சி.

"கீழ இருந்து மேல வாங்க சார். எதிர்ல போனா நம்மளப் பாத்துரும்" என்றார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மீன் மேலே பார்க்கும்போது நீர்ப்பரப்பில் அதற்கு ஒரு வட்ட ஜன்னல்தான் தெரியும். வெளியுலகம் முழுவதும், கரையும் மரமும் ஆளும், ஒளி வளைவதால் ஏறத்தாழ 97 டிகிரிக் கூம்புக்குள் சுருங்கி அந்த ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூம்புக்கு வெளியே நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி, ஓடையின் அடித்தரையைத்தான் அது திருப்பிக் காட்டும். ஆகவே தாழக் குனிந்து வருகிறவன் ஜன்னலின் ஓரத்தில் நசுங்கிய நிழலாகத்தான் தெரிவான். போதாததற்கு மீன் ஓட்டத்தின் எதிர்த்திசையைப் பார்த்து நிற்பதால் அதன் முதுகுப் பக்கம் ஒரு குருட்டு இடம் உண்டு. பெரியவர் இதைப் புத்தகத்தில் படித்தவர் இல்லை. இருந்தாலும் என்னைச் சரியாக அந்தக் குருட்டு இடத்துக்குள் அழைத்துப் போய் நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் எனக்குக் கல்லும் தண்ணீரும்தான் தெரிந்தன. பிறகு ஒரு கல்லின் பக்கத்திலிருந்த நிழல், நிழலாக இல்லாமல் மீனாயிற்று. ஒரு முழத்துக்குக் குறைவு. முதுகு பாசி நிறம். முதுகிலும் வாலிலும் மிளகைத் தட்டிப்போட்ட மாதிரி கரும்புள்ளிகள். விலாவில் நீளவாக்கில் ஒரு இளஞ்சிவப்புப் பட்டை, மீன் சற்றுத் திரும்பும்போது தெரிந்து உடனே மறைகிறது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே எலும்பில்லாத ஒரு சிறு சதைத் துடுப்பு. சால்மன் இனத்துக்கு உள்ள அடையாளம் அது. அதன் மூக்கு நீர் வரும் திசையில் இருந்தது. வால் மட்டும் அசைந்தது. கல்லுக்குப் பின்னால் ஓட்டம் தளர்ந்திருக்கிற இடமாகப் பார்த்து அது நின்றுகொண்டிருந்தது. அங்கே நின்றால் செலவு குறைவு, மேலேயிருந்து அடித்து வரும் பூச்சிகள் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். இரண்டு மூன்று தடவை பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டி எதையோ கவ்விக்கொண்டு மறுபடி அதே இடத்துக்கு வந்தது. அதே இடம் என்றால் விரற்கடை பிசகாமல் அதே இடம்.

பதினொரு வரிக் கவிதை வரிவரியாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தது. நீரோட்டத்தில் வாழும் ட்ரவுட்டுக்கு அப்படி நிற்பதைத் தவிர வேறு நிலை அதிகம் கிடையாது. மிச்சிகனில் ஒரு பாலத்தின் மேல் நின்று பார்த்தாலும், குந்தா மலையில் நின்று பார்த்தாலும் பார்க்கிறவன் அதைத்தான் பார்த்தாக வேண்டும். ஹெமிங்வே அதைப் பார்த்து எழுதினார், அவ்வளவுதான். அந்த நிலைக்கு அவரிடம் உரிமைப் பத்திரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் மேல் நான் திருட்டுப் பட்டம் கட்டியிருந்தேன். அந்தக் கவிஞரின் ஊர் நீலகிரி மாவட்டம் என்று புத்தகத்தின் பின்னட்டையில் அச்சாகியிருந்தது. அதை நான் படித்தும் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் இந்த மீனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என் முதல் ஆட்சேபம், இது நம் மீன் அல்ல என்பது, சரித்திரப்படி சரிதான். ட்ரவுட்டுக்கு வேண்டியது குளிர். குளிர்ந்த நீர்தான் அதிகப் பிராணவாயுவைப் பிடித்துவைத்திருக்கும். கடல்மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் கரைந்திருக்கும், 30 டிகிரி ஆனால் சுமார் 7.5தான். சூடு ஏற ஏற மீனின் உடம்புக்கு வாயு அதிகம் தேவைப்படும், நீரிலோ அது குறைந்துகொண்டே போகும். 25 டிகிரியைத் தொடும்போது அதற்கு உயிராபத்து. ஆகவே பூமத்திய ரேகையிலிருந்து 11 பாகை தள்ளியிருக்கிற நம் சமவெளியில் எந்த ஆற்றிலும் அது ஒரு கோடையைத் தாண்டாது. நீலகிரியில் அது உயிரோடிருப்பது 2000 மீட்டர் உயரத்தின் தயவில். மலை என்பது வெயில் கடலுக்கு நடுவே அதற்கு ஒரு தீவு.

தீவுக்கு அது நீந்தி வரவில்லை. 1863இல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பிற்பாடு பெரிய நூல் எழுதியவர் அவர். மறு வருஷம் 1864இல், 'நார்ஃபோக்' என்ற கப்பலில் ஐஸ் அறை கட்டி, பாசியில் பொதிந்த முட்டைகளை அடுக்கி, மூன்று மாதம் கடலில் கொண்டுபோய் தாஸ்மேனியாவில் பொரிக்க வைத்தார்கள். அதில் முக்கியமான சரக்கு சால்மன்தான், ட்ரவுட் கொசுறு. சால்மன் குஞ்சுகள் கடலுக்குப் போனவை திரும்பி வரவில்லை. கொசுறாக வந்தது நிலைத்துவிட்டது. காஷ்மீருக்கு 1900இல் வந்து சேர்ந்தது. நுவரெலியாவின் ஓடைகளில் 1880களிலேயே ட்ரவுட்டை விட்டாயிற்று. நீலகிரியில் 1906இலிருந்து எச்.சி. வில்சன் எடுத்த முயற்சிதான் பலித்தது, 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. வில்சன் கொண்டுவந்து நிலைக்க வைத்தது வானவில் ட்ரவுட் என்ற வகை. அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் பக்கமும் ருஷ்யாவின் கம்சட்காவும்.

வெயிலுக்குப் பயந்து மலையேறிய துரைமார்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும். வேடிக்கை என்னவென்றால் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும், கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் காப்பதற்குச் சென்னை மாகாணம் 1879லேயே சட்டம் போட்டுவிட்டது. ட்ரவுட் வேர்பிடிக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. பாதுகாப்புச் சட்டம் முன்னதாகவே வந்து மீனுக்காகக் காத்திருந்திருக்கிறது.

இந்த வருகை ஒரு பாவமும் அறியாத வருகை என்றும் சொல்ல முடியாது. ட்ரவுட் மாமிசப் பட்சிணி. நியூஸிலாந்தில் அது போன இடமெல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்த காலக்ஸியஸ் என்ற செதிலற்ற சிறு மீன்கள் பல ஓடைகளிலிருந்து காணாமல் போயின. 'நம் மீன் அல்ல' என்று சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. அதை நான் கைவிடப் போவதில்லை. ஆனால் மதிப்புரை எழுதும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்ன சரியை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் படித்தேன். இதன் பெயர்கூட ஓரிடத்தில் நிற்கவில்லை. 1836இலிருந்து நெடுங்காலம் இதை அட்லாண்டிக் சால்மனோடும் ஐரோப்பிய ட்ரவுட்டோடும் சேர்த்து 'சால்மோ' என்ற குடும்பப் பெயரில், கெய்ர்ட்னரி என்று எழுதி வந்தார்கள். 1989இல், இது பசிபிக் சால்மன்களின் பங்காளி என்று தீர்மானித்து 'ஓங்கோரிங்கஸ் மைகிஸ்' என்று மாற்றினார்கள். மைகிஸ் என்பது கம்சட்கா மக்கள் அந்த மீனுக்கு வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது. 1792இலேயே வால்பௌம் பதிவு செய்தது அது. முதலில் சொன்னவனுக்கே முன்னுரிமை என்ற விதிப்படி, ஓடைக்கரையில் இருந்தவர்கள் கூப்பிட்ட பெயர் திரும்பி வந்து நின்றுகொண்டது.

பெரியவர் முட்டையைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத வேண்டும். பருவத்தில் பெண் மீனைப் பிடித்துத் துணியால் அணைத்து வயிற்றை மெல்ல நீவினால் முட்டை ஈரமில்லாத பேசினில் விழும். ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ 2000 முட்டை, ஒவ்வொன்றும் பட்டாணியைவிடச் சிறிது, தேன் நிறம். ஆண் மீனின் பாலை அதன் மேல் நீவிவிட்டு ஒரு இறகால் கலக்க வேண்டும். தண்ணீரை அப்புறம்தான் சேர்க்க வேண்டும். ஏனென்றால் தண்ணீர் பட்ட பிறகு விந்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆயுள் இல்லை. பிறகு தட்டுகளில் பரப்பி ஓடும் நீரில் வைப்பார்கள். அதிலிருந்து கொஞ்ச நாளைக்கு யாரும் தொடக்கூடாது. தட்டு ஆடினால்கூட முட்டை வெளுத்துச் செத்துவிடும்.

"கண்ணு வரணும் சார்" என்றார். "முட்டைக்குள்ள ரெண்டு கருப்புப் புள்ளி வரும். அதுதான் கண்ணு. கண்ணு வந்துட்டா அப்புறம் தூக்கலாம், கழுவலாம், ஐஸ்ல வச்சு எந்தச் சீமைக்கு வேணா அனுப்பலாம். சாவாது."

10 டிகிரி நீரில் இரண்டு வாரத்துக்குச் சற்று மேலாகும் கண் வர. குஞ்சு வெளிவர ஒரு மாதம். கப்பல்களில் கண்டம் கடந்ததெல்லாம் இப்படி இளசாக இருக்கும்போதே ஐஸில் வேகம் குறைக்கப்பட்ட முட்டைகளும், கண் வந்த முட்டைகளும்தான். கண் வருகிற வரை பெரியவருக்கு இருந்த ஒரே வேலை, வெளுத்த முட்டைகளை அசக்காமல் இடுக்கியால் பொறுக்கி எடுப்பது. விட்டுவிட்டால் அதில் பூஞ்சை படர்ந்து பக்கத்து முட்டைகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து ஒவ்வொரு தட்டாகப் பார்க்க வேண்டும். முப்பது வருஷம் பார்த்திருக்கிறார்.

ஓடையில் தானாக வாழும் ட்ரவுட்டோ முட்டையைப் பார்ப்பதே இல்லை. பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துச் சரளைக்கற்களில் ஒரு குழி பறிக்கும். முட்டை விழுந்ததும் மேலே போய் இன்னொரு குழி பறிக்கும்போது அந்தக் கற்கள் உருண்டு வந்து முதல் குழியை மூடிவிடும். பிறகு அது போய்விடும். குஞ்சு கல்லுக்கடியில் இருட்டிலேயே பொரிந்து, வயிற்றில் கட்டிக்கொண்டு வந்த மஞ்சள் கருப்பையைத் தின்று தீர்த்து, பசி எடுத்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வரும். என் பாட்டி சொன்ன, பார்வையால் பொரிக்கிற மீனை நான் எங்கும் காணவில்லை. அந்த மாதிரிப் பார்த்த ஒரே ஜீவன் கவுண்டருக்கு வெளியே பாஸ் புத்தகத்தோடு நின்ற மனிதர்தான்.

கவிஞரைத் தேடிப் போனேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். நான் இன்னார் என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டீக்கடைக்கு அழைத்துப் போனார். நான் அவலாஞ்சியில் மீன் பார்த்த கதையைச் சொன்னேன். கூடவே, மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லாமல், அதை ஒட்டிய சில சொற்களைச் சொன்னேன். 'நீங்கள் தினமும் பார்த்த மீனைப் படித்த மீன் என்று எழுதிவிட்டேன்' என்பது அதன் சாரம்.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நான் பாத்ததே இல்லைங்க. அவலாஞ்சிப் பக்கம் இதுவரைக்கும் போனதில்லை" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் அப்பாயி பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடை, அதில் துரை தூண்டில் போடுவார். அந்த மீனைத் தொட்டால் வேலை போய்விடும். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் பாலம் ஒன்று இருந்தது. கூடையை இறக்காமல் அப்பாயி அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு வருவாளாம். முன்னால் போனால் ஓடிவிடும், பின்னால் நின்றால் பார்க்கலாம் என்று பேரனுக்குச் சொல்லியிருக்கிறாள். 'அது எங்கேயும் போகாது, தண்ணிதான் போகும்' என்று சொல்வாளாம். 1964 அக்டோபர் 30இல் இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்திட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அதில் இந்தப் பக்கம் விழுந்தவர்களில் அப்பாயியின் குடும்பமும் ஒன்று. இங்கே தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை. எந்தத் தாயகத்திலிருந்து எந்தத் தாயகத்துக்கு என்று அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாளாம். நீலகிரியிலும் அதே மீன் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருந்தும் தெரியாமலே செத்துப்போனாள்.

"ஹெமிங்வே கதையை நீங்க எழுதின பிறகுதான் தேடிப் படிச்சேன்" என்றார். "நல்லா இருந்தது."

எனக்குப் பேச ஒன்றும் இல்லை. ஒரு தப்பைத் திருத்திக்கொண்டு வந்த இடத்தில் இன்னொரு தப்பைச் செய்துகொண்டிருந்தேன். படித்தது, பார்த்தது என்று இரண்டு பெட்டிகள்தான் என்னிடம் இருந்தன. முதல் பெட்டியில் போட்டது தப்பென்று தெரிந்ததும் அவசரமாக இரண்டாவதில் போடப் பார்த்தேன். ஒரு பெண் பார்த்துவிட்டு வந்து, பேரனிடம் பல வருஷம் திரும்பத் திரும்பச் சொன்ன மீனுக்கு என்னிடம் பெட்டி இல்லை. என் பாட்டி சொன்ன மீனை நான் ஐம்பது மைலுக்கு அப்பால் பார்க்கக்கூடப் போனதில்லை. அவர் தம் அப்பாயி சொன்னதைப் பிசகாமல் எழுதியிருக்கிறார். மீன் விஷயத்தில் அந்த அப்பாயி சொன்ன எதுவும் பொய்யாகவில்லை. அனுபவத்தின் ஸ்தூலம் பற்றி இந்தப் பக்கங்களில் வருஷக்கணக்காக நாம் பேசிவருகிறோம். கூடையை அவர் தம் கையிலிருந்து போட்டதாக நான் எழுதியபோது, அந்தக் கவிதையில் மிகவும் ஸ்தூலமாக இருந்த பொருளைத்தான் ஒட்டுப்போட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

மீனையும் மனிதரையும் ஒப்பிட்டு இந்தக் கட்டுரையை முடிப்பது சுலபம். அது வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். ஒப்பு பொருந்தவும் பொருந்தாது. முட்டையை அனுப்பியவர்கள் கண் வரும்வரை காத்திருந்து, பாசியில் பொதிந்து, ஐஸ் உருகாமல் பார்த்துக்கொண்டார்கள். கப்பலேற்றி அனுப்பப்பட்ட மனிதர்களிடம் அந்தப் பக்குவம் காட்டப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. 'இது எந்த ஆற்று மீன்' என்ற கேள்வி ஒரு மீனிடம் கேட்கும்போது விஞ்ஞானக் கேள்வி, அதற்குப் பதிலும் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து வந்த ஒருவரிடம் கேட்கும்போது அது வேறு கேள்வியாகிவிடுகிறது. எனக்கு அது தெரியாது என்பது சமாதானமாகாது.

இப்போது எழுதுவதுண்டா என்று கேட்டேன். எழுதுவதாகவும் எங்கும் அனுப்புவதில்லை என்றும் சொன்னார். இரண்டாவது தொகுப்பு வராததற்கு நான் காரணமா என்று கேட்க நினைத்தேன். அப்படிக் கேட்பது எனக்கு நானே ஒரு முக்கியத்துவம் கொடுத்துக்கொள்வது என்று பட்டதால் கேட்கவில்லை. டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

இந்த வருஷக் கோடையில் பெரியவர் வந்தபோது ஓடைத் தண்ணீர் முன்பு மாதிரிக் குளிரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே இருக்கிற மீன் சூடு ஏறினால் மேலே போகும். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். அதற்கு மேல் போக ஓடை கிடையாது.

மதிப்புரையைப் பற்றி முடிவாக ஒன்று. அதிலிருந்து இரண்டு வாக்கியங்களை, மீனைப் பற்றியதையும் கூடையைப் பற்றியதையும், நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தொகுப்பின் பிற்பகுதிக் கவிதைகளில் சொற்கள் மிகையாக இருக்கின்றன என்றும், கடைசி ஆறு கவிதைகளைச் சேர்த்திருக்க வேண்டாம் என்றும் நான் எழுதியதில் இன்றும் மாற்றமில்லை. அதை அவரிடமும் சொன்னேன். ஆறில்லை, நாலு என்றார்.